மார்புச் சூடு

பிரசவமாகி முப்பத்தெட்டு நாள் கழித்து ரோஸி குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது பியூலா வாசற்படியில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகவேண்டிய சரக்கு. நெத்திலி ஒரு பக்கம், வாளை ஒரு பக்கம், உடைந்ததும் தலை போனதும் தனியாக ஒரு முறத்தில்.

அனகாபுத்தூரில் அந்தச் சந்துக்குள் ஆட்டோ வராது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். பிரிட்டோ பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பின்னால் ரோஸி, நைட்டிக்கு மேல் புருஷனின் பெரிய சட்டையைப் போட்டு, அதற்குள்ளே குழந்தையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். வெளியே தெரிந்தது ஒரு கம்பளித் தொப்பியின் உச்சி மட்டும்.

"இன்னா, காட்ட மாட்டியா?" என்றாள் பியூலா.

"கை கழுவிட்டு வாங்க அண்ணி."

"காலைலேர்ந்து தண்ணிலதான் கை கீது."

"அது மீன் கழுவுன தண்ணி. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும். ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பிச்சிருக்காங்க."

பியூலா முறத்தை இன்னொரு பக்கம் திருப்பி வைத்தாள். வழி விடுவதற்காக நகரவில்லை. ரோஸி அவள் முழங்காலைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். நடு அறைக் கதவு சாத்திக்கொண்டது.

பியூலா பிரிட்டோவின் அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பன் கட்டிய வீடு, அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. முன்னறை அவளுக்கு, நடு அறை தம்பி குடும்பத்துக்கு, பின்னால் சமையலறை. அதையும் தாண்டிக் கொல்லையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதில்தான் கருவாட்டு மூட்டைகள் இருக்கும்.

ரோஸி பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவள். ஏழாம் மாசம் வரைக்கும் மிஷினில் உட்கார்ந்தாள். வேலையை விடச் சொல்லி பியூலா ஒரு நாள் சண்டை பிடித்தாள். "உங்க கருவாட்டு நாத்தத்துல வாந்தி எடுத்துக்கினு கெடக்கறதுக்கு கம்பெனியே மேல்" என்று ரோஸி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தனி அடுப்பு, பேச்சும் இல்லை.

அதற்கு மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை பகல், ரோஸி வீட்டில் தனியாக இருக்கும்போது தண்ணீர்க்குடம் உடைந்தது. பிரிட்டோ விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. உள்ளே போனால் போன் கிடையாது. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. சந்தையில் இருக்கும் பியூலாவுக்கு நான்கு முறை போன் அடித்தாள். பியூலா எடுக்கவில்லை. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சந்து முனை வரைக்கும் தானே நடந்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பும்போது குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது. ஒன்பது வாரம் முன்னதாக. ஆயிரத்து நூற்று ஐம்பது கிராம்.

"சந்தைல அந்தச் சத்தத்துல ஒண்ணியும் கேக்கலடா" என்று பியூலா தம்பியிடம் சொன்னாள்.

"கேட்டிருக்கும்" என்றாள் ரோஸி. ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லார் முன்னாலும். "என் புள்ளைய கொல்லப் பாத்தாங்க."

அதற்கு அப்புறம் பியூலா ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வரும்போது குழந்தை ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம் இருந்தது. பெண் குழந்தை. பெயர் இன்னும் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். கையை விரித்தால் ரோஸியின் கட்டைவிரல் நகத்தை மூடும், அவ்வளவுதான். தோலுக்கு அடியில் கொழுப்பு கிடையாது, தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஷபீனா சிஸ்டர் சொல்லியிருந்தாள். ஆகவே கழுத்துக்குக் கீழே துணியில்லாமல், ஒரு நாப்கினும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்டு, தாயின் இரண்டு மாருக்கும் நடுவே தவளை மாதிரி ஒட்டவைத்து, மேலே துணி சுற்றிக் கட்டவேண்டும். இரவும் பகலும். இரண்டு மணிக்கு ஒரு தரம் பாலைப் பிழிந்து, மூக்கு வைத்த சின்னப் பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டவேண்டும். அரை அவுன்ஸ் இறங்க அரை மணி நேரம் ஆகும். முடிந்து நிமிர்ந்தால் அடுத்த வேளைக்குப் பிழிய உட்காரவேண்டும்.

ரோஸி உட்கார்ந்தபடியே தூங்கினாள். தலைவாரிப் பத்து நாள் ஆனது. பிரிட்டோ வேலைக்குப் போகுமுன் சோறு வடித்து வைத்துவிட்டுப் போவான். அவள் அதை மாலை நாலு மணிக்கு, ஆறிய ரசத்தில் பிசைந்து, ஒரு கையால் சாப்பிடுவாள்.

பியூலா உள்ளே வருவதில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரியிடம் பேசுவது போல உள்ளே கேட்கும்படி பேசுவாள்.

"பதினோரு நாள் ஆவுது, கொயந்தைக்குத் தலைக்கு ஊத்தல. சாம்பிராணி இல்ல, எண்ணெ இல்ல. கோயிக்குஞ்சு கணக்கா கட்டி வெச்சிகினு கீறா."

"ஆஸ்பத்திரில அப்டிதான் சொன்னாங்களாம்."

"மிஷின மிதிச்சி மிதிச்சி புள்ளைய வெளிய தள்ளும்போது ஆஸ்பத்திரிய கேட்டாளா?"

ரோஸி உள்ளேயிருந்து பதில் சொல்லமாட்டாள். சத்தம் போட்டால் குழந்தை அதிர்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவாள். கொல்லைப் பக்கத்திலிருந்து கருவாட்டு வாடை அப்படியும் வரும்.

நவம்பர் நடுவில் மழை பிடித்தது. முதல் நாள் எல்லாரும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். இரண்டாம் நாள் பிரிட்டோ வேலையிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தான். காய்ச்சல், இருமல், கண்ணெல்லாம் சிவப்பு. ரோஸி அவனை முன்னறைக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது அவளுக்கே தொண்டை வலித்தது. மதியத்துக்குள் உடம்பு கொதித்தது. குழந்தையின் தொப்பிக்கு மேலே இருமினாள். இருமிவிட்டு அப்படியே விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

போன் போட்டாள்.

"இங்க கூட்டினு வந்துடுங்கம்மா" என்றாள் ஷபீனா சிஸ்டர்.

"சந்து முனைல இடுப்பு வரைக்கும் தண்ணி சிஸ்டர். ஆத்துல வேற ஏறிக்கினு வருது. இந்தக் குளிர்ல எப்டி நனைச்சி எடுத்துக்கினு வர்றது?"

சிஸ்டர் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள். "அப்ப நீங்க நெஞ்சுல வெச்சிக்காதீங்க. மாஸ்க் போட்டுக்கினு, கைய நல்லா கழுவிட்டு பால் மட்டும் பிழிஞ்சி குடுங்க. வேற யாராவது நல்லா இருக்கறவங்க நெஞ்சுல வெச்சிக்கட்டும். அப்பா?"

"அவருக்குத்தான் மொதல்ல வந்துது."

"வேற யாருமே இல்லியா?"

ரோஸி கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பியூலா தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஒருத்தங்க இருக்காங்க" என்றாள்.

சந்திலிருந்த மற்றவர்கள் காலையிலேயே வெள்ளத்துக்குப் பயந்து, தங்குவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அத்தனை கூட்டத்தில் குழந்தையை வைக்கமாட்டேன் என்று ரோஸி மறுத்துவிட்டாள். மூட்டைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பியூலாவும் மறுத்திருந்தாள். ஆகவே அந்தச் சந்தில் அவர்கள் மட்டும்தான்.

பிரிட்டோதான் கேட்டான். சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"அக்கா. பாப்பாவ நீ வெச்சிக்கணும்."

"நானா? நாத்தம் புடிச்சவ கைல எதுக்கு?"

"அக்கா, சண்ட அப்பால வெச்சிக்கலாம்."

"அவ கேக்கட்டும்."

ரோஸி நடு அறையிலிருந்து சொன்னாள். "கேக்கறேன் அண்ணி. வந்து வெச்சிக்கோங்க."

"சோக்கா கேக்குற. வாடகைக்கு ஆள் கூப்புடற கணக்கா."

என்றாலும் எழுந்து போய்த் தலைக்குக் குளித்தாள். வெந்நீர் வைக்க நேரமில்லை. பச்சைத் தண்ணீரில், சோப்பை இரண்டு தரம் தேய்த்துக் குளித்தாள். வந்தவளை ரோஸி கதவு மூலையில் மாஸ்கோடு நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"நகத்த வெட்டுங்க."

வெட்டினாள்.

"மோதிரம்."

"அது வராது. இருவது வருசமா கீது."

"உள்ள அழுக்கு தங்கும். கழட்டுங்க."

"உன் புள்ளைய தூக்கறதுக்கு இன்னும் இன்னாடி செய்யணும் நான்? தோல உரிக்கணுமா?"

"கழட்டுங்க அண்ணி."

சமையலறையில் போய் எண்ணெய் தடவிப் பிடுங்கினாள். விரல் முட்டியில் தோல் கிழிந்தது. அந்த இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, மோதிரத்தை ரோஸி பார்க்கும்படி ஜன்னல் திண்டில் வைத்தாள்.

கட்டிலில் சுவரோடு தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்காரச் சொன்னாள் ரோஸி. பியூலா ரவிக்கையின் முன்பக்கத்தைத் திறந்ததும் பிரிட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னறைக்குப் போனான். ரோஸி மூச்சை அடக்கிக்கொண்டு, தூர நீட்டிய கையோடு குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தாள். "தல ஒரு பக்கமா திரும்பி இருக்கணும். மூக்கு தெரியணும். காலு இப்டி மடங்கி." துணியைச் சுற்றி முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டு உடனே வாசல்வரை பின்வாங்கினாள்.

பியூலா அப்போதுதான் முதல்முறையாகக் குழந்தையைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன் முதுகில் வைத்தாள்.

"இன்னாடி இது" என்றாள். "வெயிட்டே இல்ல."

"வயித்தையும் பாதத்தையும் தொட்டுப் பாத்துக்கினே இருங்க. ரெண்டும் ஒரே சூடா இருக்கணும். பாதம் ஜில்லுன்னா சொல்லுங்க."

"தெரியும் போ."

"உங்களுக்கு தெரியாது. அதான் சொல்றேன்."

அன்று மீதிப் பகலும் இரவும் அப்படித்தான் போயிற்று. ரோஸி முன்னறையில் பாலைப் பிழிந்து, டம்ளரை நடு அறை வாசற்படியில் வைத்துவிட்டு விலகுவாள். பியூலா ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு எழுந்து வந்து எடுத்துப் போவாள். பாலாடையைச் சாய்க்கும் கோணம் சரியில்லை என்று ரோஸி வாசலிலிருந்து சொல்வாள். பிழிந்த பால் தண்ணி மாதிரி இருக்கிறது, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று பியூலா திரும்பக் கேட்பாள். கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான் சாப்பாடு. அதை வைத்தவன் பிரிட்டோ. கரண்ட் போய்விட்டது. மழை விட்டு விட்டு அடித்தது.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் கொல்லையில் தண்ணீர் ஏறியது. அடையாற்றுப் பக்கமிருந்து, காப்பி நிறத்தில், சத்தமே இல்லாமல் வந்தது. வீட்டுத்தரை இரண்டு படி உயரம். கொட்டகைக்கு அந்த உயரம் கிடையாது. நடு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால், சமையலறைச் சுவரின் ஓரமாக, கொட்டகை தெரியும்.

"டேய் பிரிட்டோ" என்று பியூலா கத்தினாள். "மூட்டைய மேல தூக்கி போடுடா."

பிரிட்டோ போனான். இரண்டு படி இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றான். நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டையை இழுத்தான். மூட்டை நகரவில்லை, அவன்தான் சரிந்தான்.

"வுடுடா. வுட்டுட்டு உள்ள வா. வுட்டுடு சொல்றேன்."

அவன் தவழ்ந்து படியேறினான். பியூலா கட்டிலை விட்டு எழுந்து நின்றாள். முதுகுப் பக்க முடிச்சில் கையை வைத்தாள்.

ரோஸி வாசலில் வந்து நின்றாள். "அண்ணி."

"அஞ்சி நிமிசம். இத்த தொட்டில்ல போடறேன். நாலு மூட்டையாவது..."

"ஜன்னல் வழியா காத்து ஐஸா அடிக்குது. தண்ணில எறங்கி நனைஞ்சிட்டு வந்தா உங்க ஒடம்பு சூடாக எவ்ளோ நேரம் ஆகும்? அதுவரைக்கும் இது எங்க இருக்கும்?"

"ஆறு மூட்டைடி. மயக்காலத்துக்குன்னு வாங்கி வெச்சது. வேற எனக்கு இன்னா கீது?"

ரோஸிக்கு இருமல் வந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினாள்.

பியூலா உட்கார்ந்தாள். முதல் மூட்டை தண்ணீரில் எழும்பி, சுவரில் இடித்து, மெதுவாகத் திரும்பியது. தைத்த வாய் பிரிந்து நெத்திலி வெள்ளையாகப் பரவியது. பிறகு வாளை. கொல்லைச் சுவரின் உடைந்த பக்கம் வழியாக ஒவ்வொன்றாக வெளியே போயின. அவள் அதைப் பார்த்துக்கொண்டே திட்டினாள். மழையைத் திட்டவில்லை, ரோஸியைத்தான் திட்டினாள். அவள் பெற்றவர்களை, அவள் வந்த நாளை, அவள் கம்பெனியை. தாழ்ந்த குரலில், குழந்தை அதிராதபடி, நிறுத்தாமல் திட்டினாள்.

நடுவில் நிறுத்தினாள்.

"ரோஸி. இது மூச்சு வுடல."

ரோஸி அறைக்குள் இரண்டடி வந்து நின்றுவிட்டாள். "பாதத்த சுண்டுங்க. விரலால. இன்னும் வேகமா."

"உதடு நீலமாவுதுடி."

"முதுகுல தேய்ங்க. கீழேர்ந்து மேல. பாதம், பாதம்."

பியூலா சுண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தச் சின்ன உடம்பு ஒரு தரம் உதறியது. கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம் வந்தது, அப்புறம் அழுகை. பூனைக்குட்டியின் அழுகை அளவுதான். உதடு மெல்ல மெல்ல சிவப்பானது.

குறைமாதக் குழந்தைகள் சிலசமயம் மூச்சுவிட மறந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ரோஸி ஆஸ்பத்திரியில் மூன்று தரம் அதைப் பார்த்தவள். பியூலாவுக்கு இதுதான் முதல்.

காய்ச்சலும் பயமும் சேர்ந்ததில் ரோஸி வாயில் வந்ததைச் சொன்னாள். "போயிருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும். மூட்டையாவது மிஞ்சியிருக்கும்."

பியூலா தலையைத் தூக்காமல் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ போன் அடிச்சது எனக்குக் கேட்டுது" என்றாள்.

ரோஸி பின்னால் நகர்ந்து வாசல் நிலையில் சாய்ந்தாள்.

"நாலு தபாவும் கேட்டுது. உன் பேரு வந்துது. பாத்துட்டுதான் சாக்குக்கு அடில வெச்சேன்."

"ஏன்?"

"கோவம். நாத்தம்னு சொன்ன இல்ல, இப்ப எதுக்கு இந்த நாத்தம் புடிச்சவன்னு வெச்சிட்டேன். வலி வந்துச்சின்னு நான் கண்டேனா? மாசம் ஆவல. வெறும் சண்டைக்கு கூப்புடறன்னு நெனச்சேன்."

"இத்தினி நாளா கேக்கலன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப எதுக்கு சொல்றீங்க?"

"இப்ப சொன்னாதான் உன்னால வந்து என்னிய அடிக்க முடியாது."

ரோஸி வாசல் நிலையைப் பிடித்தாள். நான்கு எட்டு வைத்தால் கட்டில். முடிச்சை அவிழ்த்துக் குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளலாம். பிடுங்கி எங்கே வைப்பது? அவள் நெஞ்சுக்குள் சளி கரகரவென்று கத்தியது. முன்னறையில் பிரிட்டோ போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில், அந்தச் சந்தில், குழந்தையை வைக்கக்கூடிய வேறு நெஞ்சு கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த நூறு அடி, அன்று காலில் வழிந்த தண்ணீர், எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. எதிரே அவள் மகள் அந்த மனுஷியின் மேல் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

ரோஸி நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"மூக்கு துணில மூடிக்கப் போவுது. தலைய இந்தப் பக்கம் திருப்புங்க."

பியூலா திருப்பினாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் பாலைப் பற்றியும் பாதத்தின் சூட்டைப் பற்றியும் தவிர வேறு பேச்சு இல்லை. தண்ணீர் வடிந்தது. கொல்லையில் சேறும், சேற்றில் ஒட்டிய நெத்திலியும் மிஞ்சின. பிரிட்டோ எழுந்து நடமாடினான். போன் விஷயத்தை ரோஸி அவனிடம் சொன்னாள். அவன் அக்காவிடம் போய்க் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் வைத்த டீயைக் குடிக்காமல் வெளியே போய்க் குடித்தான். ரோஸிக்குக் காய்ச்சல் நின்று, இருமலும் அடங்கிய மறுநாள், குழந்தையை ஆஸ்பத்திரியில் காட்டப் போனார்கள். பிரிட்டோவுக்கு லீவு தீர்ந்திருந்தது. ஆகவே பியூலா கூடப் போனாள்.

ஷபீனா சிஸ்டர் தராசில் வைத்துப் பார்த்தாள். ஆயிரத்து எண்ணூற்று முப்பது.

"பரவால்லயே. அந்த வெள்ளத்துலயும் ஏறியிருக்கு. யாரு நெஞ்சுல வெச்சிருந்தது?"

ரோஸி குழந்தையின் காலுறையைச் சரிசெய்தாள். "என் நாத்தனாரு" என்றாள்.

"எங்க அவங்க?"

"வெளிய நிக்கறாங்க."

"கூப்புடுங்க, பாக்கலாம்."

"வேணாம் சிஸ்டர். அவங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்."

சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எடையைச் சீட்டில் எழுதினாள்.

திரும்பும் ஆட்டோவில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். பல்லாவரம் தாண்டியதும் ரோஸி தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குன்றத்தூர்ல வூடு பாக்க சொல்லியிருக்கேன்."

"பிரிட்டோ சொல்லலியே."

"நான் சொல்றேன் இல்ல?"

"எப்போ?"

"ரெண்டரை கிலோ ஆனதும்."

பியூலா விரல் விட்டு எண்ணினாள். "ஒரு மாசத்துக்கு மேல கீது."

"இருக்கு."

"எனக்கு சரக்கு இல்ல. சந்தைக்குப் போறதில்ல. சும்மாதான் குந்திகினு கீறேன்."

ரோஸி சந்து முனையில் இறங்கும்போது, சில்லறை கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும். நாலு மணிக்கு எழுப்பிடணும்."

இரண்டு மணிக்குப் பியூலா குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தாள். ரோஸி குழந்தையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தரையில் பாய் விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்தாள். தூங்கக்கூடாது என்றுதான் படுத்தாள். கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் போயிருந்தது. எதிர்வீட்டில் டிவி ஓடியது. எழுந்து உட்கார்ந்து செல்லைப் பார்த்தாள். ஆறே கால்.

"நாலு மணிக்கு எழுப்ப சொன்னேன் இல்ல?"

"எழுப்பினேன். நீதான் எந்திரிக்கல."

பியூலாவின் முகம் கல் மாதிரி இருந்தது. பால் வைத்திருந்த இரண்டு டம்ளரும் காலியாகி, கழுவிக் கவிழ்த்திருந்தன. ரோஸி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், அவள் முதுகுப் பக்க முடிச்சை அவிழ்த்து, குழந்தையை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்தாள். பாதத்தைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள். இரண்டும் ஒரே சூடாக இருந்தன.

"நாளைக்கு அலாரம் வெச்சிட்டுப் படுக்கறேன்" என்றாள்.

"வெய்யி" என்றாள் பியூலா. ரவிக்கையைப் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.